சாயங்காலம் எழுந்து வரும் கடல்தரை

அக்கரைப்பேட்டையிலோ பழையாறிலோ கட்டிக் கிடக்கும் எந்த விசைப்படகின் வீல்ஹவுஸிலும் ஒரு எக்கோ திரை, அதாவது கீழே ஒலியை விட்டுத் திரும்பும் எதிரொலியைப் படமாகக் காட்டும் கருவி, இருக்கும். டிரைவர் அதில் பார்ப்பது இரண்டே விஷயம்: தரை எத்தனை பாகம் ஆழம், தரைக்கு மேலே கூட்டம் நிற்கிறதா. இரண்டுக்கும் நடுவே, வெறும் தண்ணீரில், புகை படிந்தது போல ஒரு பட்டை சில நாள் தெரியும். அதற்குப் பெயர் அழுக்கு. கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கும் அளவை, குறைத்தால் மறைந்துவிடும். குறைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இந்தப் பதிவு அந்த அழுக்கைப் பற்றியது.

அது உயிருள்ள அழுக்கு. விரல் நீள லாந்தர் மீன், கிரில், கூனி வகை இறால், அரிசியைவிடச் சிறிய கோபிபாட், கயிறு போல நீளும் சைஃபனோஃபோர் என்னும் சொறி வகை எல்லாம் கலந்த கூட்டம். பகலில் சில நூறு மீட்டர் ஆழத்து இருட்டில் கிடக்கும். பொழுது சாயச் சாய மேலேறும், விடியுமுன் இறங்கிவிடும். 1942இல் கலிபோர்னியாவுக்கு வெளியே யு.எஸ்.எஸ். ஜாஸ்பர் கப்பலில் ஒலிச்சோதனை செய்த ஐரிங், கிறிஸ்டென்சன், ரைட் ஆகிய மூவருக்கும், ஆழம் மிகுந்த இடத்தில் தரை போலவே ஒரு எதிரொலி இடையில் வந்தது. 1945இல் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன் அதே பட்டை சூரியன் மறைய ஏறுவதையும் உதிக்க இறங்குவதையும் பார்த்து, இது உயிர்க்கூட்டம்தான் என்றார். ஆழ்கடல் சிதறல் அடுக்கு என்று அதற்குப் பெயர் வந்தது. பேர்தான் பெரிது, சாயங்காலத்தில் திரையைப் பார்த்தால் கடல்தரையே எழுந்து படகை நோக்கி வருவது போலத்தான் இருக்கும்.

டெல்டாவில் இதைப் பார்க்க எங்கே போக வேண்டும்? கோடியக்கரையைத் தாண்டித் தெற்கே திரும்பினால் பாக் நீரிணை. பெரும்பாலும் 15 மீட்டர்கூட ஆழமில்லை. அங்கே இந்த அடுக்குக்கு வேலை இல்லை. வேதாரண்யத்துக்கு வடக்கே, நாகை, காரைக்கால், தரங்கம்பாடி, பூம்புகார் என்று கிழக்கைப் பார்த்த கரையிலிருந்து கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டிப் போக வேண்டும். 200 மீட்டர் கோட்டைக் கடந்து, தரை 500, 1000 என்று சரியும் இடத்தில்தான் ஆட்டம் தொடங்கும். வங்காள விரிகுடாவில் இன்னொரு விசேஷம் உண்டு. மேல்தண்ணீர் நன்னீர் கலந்து லேசாக இருப்பதால் கீழ்நீரோடு எளிதில் கலக்காது. 100 மீட்டருக்குக் கீழேயே ஆக்சிஜன் சரிந்துவிடும். பகலில் இந்த உயிர்கள் ஒளிந்திருப்பது அந்த மூச்சுத்திணறும் அடுக்குக்குள்.

இனி கருவி. படகில் ஏற்கனவே இருக்கும் 50/200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அடுக்கு இருக்கிறது, ஏறுகிறது என்று பார்க்க 50 போதும். அளக்க முடியாது. அந்தப் பெட்டிகளில் மூல எதிரொலி சேமிப்பாவதில்லை. திரையின் நிறத்துக்குப் பின்னால் எவ்வளவு பெருக்கம் போட்டிருக்கிறது என்பதும் வெளியே வராது. அளப்பதற்கு, மூலத் தரவைப் பதியும், நான்கு கால்வட்டமாகப் பிரிந்த டிரான்ஸ்டியூசர் (ஒலியை விட்டு எதிரொலியைக் கேட்கும் முகம்) கொண்ட ஆய்வுக் கருவி வேண்டும். சிம்ராட் ஈகே60, அதன் பின்வந்த ஈகே80 ஆகியவை இந்த வகை.

எந்த அதிர்வெண் என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கடல்நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். 38 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 40 மில்லிமீட்டர், 120இல் 12 முதல் 13, 200இல் 7 முதல் 8. உடம்பு அலைநீளத்தைவிட ரொம்பச் சிறிதாக இருந்தால் எதிரொலி அதிர்வெண்ணின் நான்காம் மடங்கில் ஏறும். 3 மில்லிமீட்டர் கோபிபாடை 38ஐ விட்டு 120இல் கேட்டால் எதிரொலி நூறு மடங்கு, அதாவது 20 டெசிபல் கூடும். அப்படியென்றால் 200ஐ வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கடல் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் விழுங்கும் அளவு 38இல் கிலோமீட்டருக்கு 6 முதல் 10 டெசிபல். 120இல் 35 முதல் 50. 200இல் 50 முதல் 90. போகவும் வரவும் இரண்டு மடங்கு. நடைமுறையில் 38 கிலோஹெர்ட்ஸ் 1,000 மீட்டர் வரை எட்டும், 120க்கு 200, 250 மீட்டரில் மூச்சு முட்டும், 200க்கு 100 தாண்டினாலே திணறல்.

ஆக, பகலில் 400 மீட்டரில் கிடக்கும் அடுக்கை இந்த மூன்றில் 38 மட்டும்தான் கேட்கும். ஒரே ஒரு காதால் கேட்டு, பாடுவது யார் என்று சொல்ல முடியாது. இந்தத் துறையின் பெரிய சண்டைகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. 1980இல் வலைகளை வைத்து உலகக் கடல்களின் நடு ஆழத்துச் சிறுமீன் சுமார் 100 கோடி டன் என்று கணக்கிட்டார்கள். 2010-11இல் உலகைச் சுற்றிய ஸ்பெயினின் மலஸ்பினா பயணத்தில் 38 கிலோஹெர்ட்ஸில் கேட்டதை வைத்து, 2014இல் அது 1,000 கோடி டன் இருக்கலாம் என்றார்கள். பத்து மடங்கு வித்தியாசம். வலைக்குத் தப்பி ஓடும் மீன் ஒரு காரணம். வாயுக் குமிழி இன்னொரு காரணம்.

குமிழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள காற்றுக்குமிழி கடல்மட்டத்தில் சுமார் 3.3 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்ளும். ஆழம் கூடினால் அழுத்தத்தின் வர்க்கமூலம் அளவுக்கு அந்த எண் ஏறும். ஆரம் பாதியானால் இரட்டிக்கும். 400 மீட்டரில் அழுத்தம் 41 மடங்கு, அதன் வர்க்கமூலம் 6.4. அங்கே அரை மில்லிமீட்டரை ஒட்டிய ஆரமுள்ள குமிழி ஒத்ததிர்வது ஏறத்தாழ 40 கிலோஹெர்ட்ஸில். நம் கருவியின் 38க்குப் பக்கத்திலேயே! சைஃபனோஃபோரின் மிதவையில் அந்த அளவு குமிழி இருக்கும், குஞ்சு லாந்தர் மீனின் காற்றுப்பையும் அந்த அளவுக்குச் சிறிதாக இருக்கும். குமிழி மணியடித்தது போல அதிரும், எதிரொலி எகிறும்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு. 2 சென்டிமீட்டர் கூனி ஒன்றின் எதிரொலி வலு 38இல் -85 டெசிபல் என்றும், ஒத்ததிரும் ஒரு குமிழியின் வலு -55 என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30 டெசிபல், ஆயிரம் மடங்கு. நாகை சந்தையில் சென்னாக்கூனி அளக்கிற படி நிறையக் கூனி எழுப்பும் சத்தத்தை, கையில் எடுத்தால் வழிந்தோடும் ஏழெட்டுச் சொறி எழுப்பிவிடும். திரையில் அடர் சிவப்பாக இருப்பதாலேயே அங்கே தின்பதற்கு எதுவும் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இதில் ஒரு கிளைச்சிக்கலும் உண்டு. அதே உயிர் 50 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் 41 மடங்கிலிருந்து 6 மடங்காகக் குறைகிறது. குமிழி அதே அளவில் இருந்தாலும் ஒத்ததிர்வு 15 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வீங்கினால் இன்னும் கீழே. 38இல் கேட்பவருக்கு அடுக்கு மேலேறும்போது மங்கியது போலத் தெரியும். எண்ணிக்கை குறைந்ததாக எழுதிவிடக் கூடாது. 18 கிலோஹெர்ட்ஸும் கூடவே இருந்தால், ஒன்றில் மங்குவது மற்றொன்றில் பளிச்சிடுவதைப் பார்த்துக் குமிழியைப் பிடித்துவிடலாம். வளர்ந்த லாந்தர் மீன்கள் சிலவற்றின் காற்றுப்பையில் வாயு போய்க் கொழுப்பு நிரம்பிவிடும். அவை கிட்டத்தட்ட ஊமை.

இத்தனையும் தெரிந்தபின் படகுக்கு வருவோம். கப்பலின் அடிவயிற்றில் கருவி பொருத்த வசதியில்லாத விசைப்படகில் பக்கவாட்டுக் கம்பம்தான் வழி. 7 டிகிரி விரியும் ஒலிக்கற்றையுள்ள 38 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் அரை மீட்டர் குறுக்களவுக்குக் கிட்ட வரும், கனமும் அதிகம். தடித்த ஜி.ஐ. குழாயில் பொருத்தி, படகின் நடுப்பகுதியில், தண்ணீருக்குக் கீழே ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இறங்குமாறு, அடிப்பலகையின் நிழலுக்கும் கீழே வைக்க வேண்டும். முன்னும் பின்னும் கம்பிவடம் இழுத்துக் கட்டாவிட்டால் நான்கு நாட் வேகத்திலேயே குழாய் நடுங்கும். அந்த நடுக்கம் திரையில் செங்குத்துக் கோடுகளாக வரும். மின்கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஒயரைப் பிரித்துப் பார்த்தே பாதி இரவு போய்விடும். டிரான்ஸ்டியூசர் முகத்தின் முன் குமிழி அடித்தால் சில பிங்குகள், அதாவது கருவி விட்டுவிட்டு அனுப்பும் ஒலித்துடிப்புகள், முழுதாகக் காணாமல் போகும். வேகத்தைக் குறைப்பது ஒன்றே மருந்து. முகத்தில் கிரீஸோ பாசியோ ஒட்டவே கூடாது; பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்து இறக்க வேண்டும்.

மின்சாரம் தனி பேட்டரியில் இருக்கட்டும். மலிவு இன்வெர்ட்டரின் சதுர அலை, ஒவ்வொரு பிங்கிலும் மங்கலான பட்டைகளை விதைக்கும். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டில் 3,600 வாட்-மணி இருக்கும். பாதியை மட்டும் செலவழித்தால் 100 வாட் சுமைக்குப் பதினெட்டு மணி நேரம் தாங்கும். அந்தியும் விடியலும் ஒரே சார்ஜில் முடிந்துவிடும். படகின் சொந்த எக்கோவை அணைத்தே ஆக வேண்டும். டிரைவர் அதற்கு லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். 1,000 மீட்டர் ஆழத்தில் தரை தட்டாது என்பதைக் கிளம்புமுன் கரையிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

அளவு சரிபார்ப்பு இல்லாத தரவு வெறும் படம். 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 6 சதவிகிதம் கோபால்ட் கலந்த டங்ஸ்டன் கார்பைடு குண்டை மூன்று தூண்டில் நரம்பால் கட்டி, கற்றையின் நடுவே தொங்கவிட்டு, அதன் எதிரொலியைத் தெரிந்த மதிப்போடு ஒப்பிடுவதுதான் முறை. 38 கிலோஹெர்ட்ஸில் அந்த மதிப்பு -42 டெசிபலை ஒட்டி வரும். துல்லிய எண்ணை அன்றைய ஒலிவேகத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். குண்டையும் நரம்பையும் சோப்பில் நனைத்து இறக்காவிட்டால் ஒட்டிக்கொண்ட காற்றே அதிகம் பேசும். முடிச்சு பெரிதாக இருந்தாலும் அப்படித்தான்.

இதைத் துறைமுகத்திலேயே முடிக்க முடியாதா என்றால், கடுவையாற்று முகத்தில் முடியாது. அரை மீட்டர் முகமுள்ள டிரான்ஸ்டியூசருக்கு முதல் 10 மீட்டர் வரை கற்றை சரியாக உருவாகியே இருக்காது. குண்டு 15 மீட்டருக்குக் கீழே தொங்க வேண்டும், தரை அதற்கும் பல மீட்டர் கீழே இருக்க வேண்டும். ஒரு பாகம் 1.8 மீட்டர் என்றால் குறைந்தது 15 பாகத் தண்ணீர். அலை தணிந்த பிப்ரவரி, மார்ச் மாதக் காலைகள் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இழுவைப் படகுகள் கட்டிக் கிடப்பதால் சந்தடி குறைவு. ஆனால் படகை வெளியே கொண்டுபோக மீன்வளத் துறையின் அனுமதி கையில் இருக்க வேண்டும். நங்கூரம் போட்ட படகு நீரோட்டத்தில் திரும்பிக்கொண்டே இருக்கும், குண்டு கற்றையின் ஓரத்துக்கு ஓடும். முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போட்டால் பாதித் தொல்லை தீரும். ஒரு டெசிபல் பிழை என்றால் உயிர்த்திணிவில் 26 சதவிகிதப் பிழை, மூன்று டெசிபல் என்றால் இரண்டு மடங்கு. இதைக் கையில் வைத்துக்கொண்டு, சரிபார்ப்புக்கு அரை நாள் வீண் என்று சொல்பவரிடம் பேசுங்கள்.

அடுத்தது பேய்த்தரை. ஆழ்கடலில் முதல்முறை வேலை செய்பவர்கள் கட்டாயம் விழும் குழி இது. தரை 3,000 மீட்டரில் இருக்கிறது, திரையை 1,000 மீட்டருக்கு வைத்து, 1.5 நொடிக்கு ஒரு பிங் விடுகிறீர்கள். தரையின் எதிரொலி 4 நொடி கழித்து வரும். அதற்குள் இன்னும் இரண்டு பிங் போயிருக்கும். இரண்டாவது பிங் போய்ச் சரியாக 1 நொடியில் அது வந்து சேர்வதால், திரையில் 750 மீட்டரில் ஒரு பட்டை தோன்றும். மெல்ல ஏறி இறங்கும், பார்க்க அசல் உயிர் அடுக்குப் போலவே இருக்கும். சோதனை எளிது: பிங் இடைவெளியை மாற்றுங்கள். உயிர் அடுக்கு அதே ஆழத்தில் நிற்கும், பேய் இடம் மாறும். 2.4 நொடிக்கு மாற்றினால் அது 1,200 மீட்டருக்குப் போய்த் திரைக்கு வெளியே விழுந்துவிடும். படகு சரிவில் நகர நகர ஆழம் மாறுமாதலால் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. ஒவ்வொரு நிலையத்திலும் போட வேண்டும்.

பேய்த்தரைக்குத் தம்பி ஒருவன் உண்டு: இரைச்சல். ஆழத்திலிருந்து வரும் எதிரொலி மெலிந்து வருவதால் கருவி அதைப் பெருக்கிக் காட்டும். 300 மீட்டரில் அந்தப் பெருக்கம் 38இல் சுமார் 54 டெசிபல், 120இல் சுமார் 76. எதிரொலியோடு சேர்த்து எஞ்சின் சத்தமும் அதே அளவு பெருகும். 120இன் திரையில் கீழே போகப் போக நிறம் ஏறிக்கொண்டே வந்தால் அங்கே உயிர் பெருகுகிறது என்று மயங்க வேண்டாம். ஒலி விடாமல் கேட்க மட்டும் செய்யும் முறையில் பத்து நிமிடம் பதிந்தால் இரைச்சலின் மட்டம் கிடைக்கும். அதைக் கழித்து, மிச்சம் இரைச்சலைவிடக் குறைந்தது 10 டெசிபல் மேலே இல்லாத பகுதியைத் தூக்கிப் போடுவது எங்கள் வழக்கம். எக்கோவியூ போன்ற விலைகொடுத்து வாங்கும் மென்பொருளிலும், பைத்தானில் இயங்கும் இலவச எக்கோபைப்பிலும் இதற்கு வசதி இருக்கிறது.

நீரின் வெப்பமும் உப்பும் அளக்க சி.டி.டி. இறக்க வேண்டும், 500 மீட்டர் வரையாவது. ஐப்பசி, கார்த்திகையில் மேல்தண்ணீரின் உப்பு விழுந்துவிடும். காவிரித் தண்ணீர்தான் காரணம் என்று டெல்டாக்காரருக்குப் பெருமையாக நினைக்கத் தோன்றும். கொள்ளிடத்தில் வெள்ளம் போனாலொழிய நம் பங்கு கொஞ்சம்தான். கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கொட்டியதை, கரையோர நீரோட்டம் அந்த மாதங்களில் தெற்கே கொண்டுவருகிறது. வெப்பமும் உப்பும் மாறினால் ஒலிவேகமும் விழுங்கும் அளவும் மாறும். நாகைக்கு வெளியே மேல்நீரில் ஒலிவேகம் 1,540ஐ ஒட்டி இருக்கும், 500 மீட்டரில் 1,500க்குக் கிட்ட. பெட்டியோடு வந்த 10 டிகிரி குளிர்நீர் மதிப்பை மாற்றாமல் விட்டால் ஆழத்தில் சில மீட்டர் பிழை, அது பரவாயில்லை. 120இன் விழுங்கும் அளவில் விழும் பிழைதான் ஆளைக் கவிழ்க்கும்.

அந்தியில் என்ன செய்வது? சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்பே நிலையத்தில் நின்றுவிட வேண்டும். மின்விளக்கை அணையுங்கள். டெக்கில் எரியும் எல்.இ.டி. வெளிச்சத்தைக் கண்டு மேலடுக்கு 20, 30 மீட்டர் தாழ்ந்துவிடும், அது வேறு கதையாகப் பதிவாகும். ஏறுமுகம் வெளிச்சம் மங்கும்போதே தொடங்கும். 400இலிருந்து 50 மீட்டருக்கு இரண்டு மணி நேரத்தில் வந்தால் நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகம். அந்தச் சிறு உடம்புக்கு இது ஓட்டம். எல்லாமும் ஏறாது. ஒரு பட்டை அங்கேயே தங்கும், ஏறியதும் இரண்டு மூன்று இழையாகப் பிரியும். பௌர்ணமியை ஒட்டிய இரவில் மேல் விளிம்பு தாழ்ந்தே நிற்கும், இருட்டுக் காலத்தில் படகின் அடிவரை வரும். நிலாக்காலம் இருட்டுக்காலம் பார்த்து வலை விடும் மீனவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

யார் யார் என்று பிரிக்க வேண்டிய நேரம் இந்த இரவுதான். அடுக்கு 120இன் எட்டுக்குள் வந்துவிட்டது. ஒரே ஆழக் கட்டத்தில், 5 மீட்டர் உயரமும் சில பத்துப் பிங் அகலமும் உள்ள பெட்டிகளாகச் சராசரி எடுத்து, 120இன் மதிப்பிலிருந்து 38இன் மதிப்பைக் கழியுங்கள். விடை 2 முதல் 16 டெசிபல் வரை கூடுதலாக வந்தால் கிரில், கூனி மாதிரிக் குமிழியில்லா உடம்பு. சுழியத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் காற்றுப்பை மீன் அல்லது குமிழிச் சொறி. ஒவ்வொரு பிங்காகக் கழித்தால் வெறும் தற்செயல்தான் கிடைக்கும். சராசரிக்குப் பிறகே கழிக்க வேண்டும். இரண்டு டிரான்ஸ்டியூசருக்கும் கற்றை அகலமும் துடிப்பு நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பகல் ஆழத்தில் தனித்தனி மீனை எண்ணிவிடலாம் என்று சிலர் முயல்வார்கள். 7 டிகிரி கற்றை 400 மீட்டரில் 49 மீட்டர் அகலம். ஒரு மில்லிநொடித் துடிப்பு முக்கால் மீட்டர் கனத்தை ஒன்றாகக் கேட்கும். சுமார் 1,400 கன மீட்டர் தண்ணீர், அதற்குள் எத்தனை உயிரோ! அத்தனையும் ஒரே எதிரொலி. தனி மீன் வேண்டுமென்றால் கருவியையே அழுத்தம் தாங்கும் கூட்டில் வைத்து அடுக்குக்குள் இறக்க வேண்டும். நங்கூரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நீரோட்டமானிகளின் எதிரொலியும் உதவும். கடலூருக்கு வெளியே கண்டச்சரிவில் தேசியக் கடலாய்வு நிறுவனம் அப்படிப் போட்டுவைத்திருந்தது. அளவில் துல்லியம் குறைவு, ஆனால் பருவம் தவறாமல் பதியும்.

எல்லாவற்றுக்கும் வலைச் சாட்சி வேண்டும். ஐசக்ஸ்-கிட் நடுநீர் வலையோ, ஆழத்துக்கு ஆழம் திறந்து மூடும் பல்வலையோ, எதுவானாலும் வலையில் ஆழமானி கட்டியிருக்க வேண்டும். விட்ட கம்பியின் நீளத்தையும் சாய்வையும் வைத்து ஊகித்த ஆழம் 50 மீட்டர் பிசகினால், வலை ஒரு அடுக்கைச் சலித்துக்கொண்டிருக்கும், எக்கோ வேறொரு அடுக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். பகலில் இழுத்தால் லாந்தர் மீன் வலையைப் பார்த்தே விலகும்.

கருவியின் மடிக்கணினி உலகநேரத்தில் ஓடும், வலைக் குறிப்பேட்டை எழுதுபவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார். ஐந்தரை மணி வித்தியாசம். கரைக்கு வந்து ஒட்டிப் பார்த்தால் அந்தியில் இழுத்த வலை நள்ளிரவு அடுக்கில் உட்கார்ந்திருக்கும். ஜி.பி.எஸ். நேரத்தைப் பெரிய எழுத்தில் காட்டும் ஒரு கடிகாரத்தை வின்ச் பக்கத்தில் மாட்டினால் போதும்.

வலை மேலே வந்ததும் அவசரப்பட்டு ஃபார்மலின் ஊற்றாதீர்கள். சைஃபனோஃபோர் வலைக்கண்ணிலேயே சிதைந்திருக்கும். ஃபார்மலினில் இன்னும் உதிர்ந்து அடையாளமில்லாமல் போகும். முதலில் கடல்நீர் நிரம்பிய வெள்ளைத் தட்டில் பரப்பிப் படமெடுங்கள். மணி போன்ற துண்டுகளையும் மிதக்கும் சிறு குமிழிகளையும் எண்ணி, குமிழியின் விட்டத்தை அளவுகோலோடு பதியுங்கள். மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் எத்தனாலில். மிச்சம் மட்டும் போராக்ஸ் சேர்த்த 4 சதவிகித ஃபார்மலினுக்குள் போகட்டும். வலைவாயின் மேல்சட்டத்தில் ஒரு சிறு கேமராவும் மங்கிய சிவப்பு விளக்கும் கட்டியிருந்தால், வலை கிழித்துப்போடுவதற்கு முன் அந்தச் சொறி முழு உடம்போடு கடந்து போவது பதிவாகியிருக்கும். அதன் நேரக்குறியையும் ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு பொருத்திவிட்டு இறக்குங்கள்.